கீழ்சுருதி கேள்வி-பதில்: ட்ரஸ் ராடைத் தொடலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: "என்ன வாங்கினால் இது சரியாகும்?" பேஸ் கிட்டார் விஷயத்தில் பாதி நேரம் அதற்கான பதில் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பேஸோடு சேர்த்துக் கொடுத்த ஆலன் கீ, ஒரு ஸ்க்ரூடிரைவர், மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரிகிற இரும்பு ஸ்கேல். மீதிக் கேள்விகளில் சிலவற்றுக்குப் புதுக் கம்பி போதும்.

கேள்வி: ஒரு மாதமாக முதல் நாலைந்து ஃப்ரெட்டில் எந்தக் கம்பியைப் பிடித்தாலும் ஜர்ரென்று உரசுகிறது. பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சாடில்களை உயர்த்தினேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் அழுத்த விரல் நோகிறது. ட்ரஸ் ராடைத் தொட்டால் நெக் போய்விடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் சாடில்களைப் பழைய உயரத்துக்கே இறக்குங்கள். தொட வேண்டியது நெக்கின் உள்ளே நீளவாக்கில் ஓடும் இரும்புத் தண்டான அந்த ட்ரஸ் ராடைத்தான்.

உரசல் முதல் ஐந்து ஃப்ரெட்டோடு நின்றால், நெக் அளவுக்கு மீறி நேராகிவிட்டது அல்லது பின்பக்கம் வளைந்துவிட்டது என்று அர்த்தம். நாலு கம்பியும் சேர்ந்து 70-80 கிலோ விசையோடு நெக்கை முன்னால் இழுக்கின்றன. உள்ளே போகும் ட்ரஸ் ராட் அதற்கு எதிராகப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமன்படும்போது நெக்கின் நடுப்பகுதி மயிரிழை குழிந்திருக்க வேண்டும். அதிரும் கம்பிக்கு நடுவில்தான் வீச்சு அதிகம், அந்த வீச்சுக்கு இடம் வேண்டும். இந்தக் குழிவுதான் ரிலீஃப். பருவம் மாறிக் காற்றில் ஈரம் கூடினாலும் குறைந்தாலும் மரம் அசையும். மெல்லிய கம்பிக்கு மாறினாலும் முன்னிழுவை குறைந்து ராடின் கை ஓங்கிவிடும்.

அளப்பது இப்படி. நாலு கம்பியையும் சுருதிக்கு ஏற்றி, பேஸை வாசிக்கிற நிலையிலேயே மடியில் வையுங்கள். படுக்க வைத்தால் தலைப்பகுதியின் எடை அளவைக் கெடுக்கும். முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப்பை மாட்டி, கடைசி ஃப்ரெட்டில் ஈ கம்பியை விரலால் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு நேர்கோட்டு அளவுகோல். 8ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) பாருங்கள். 0.25 முதல் 0.35 மி.மீ. வரை இருந்தால் பெரும்பாலான கைகளுக்குச் சரி. ஓங்கி அடிப்பவர்களுக்கு 0.4. உங்கள் பேஸில் அநேகமாக இடைவெளியே இருக்காது.

இடைவெளி போதவில்லையென்றால் ட்ரஸ் ராட் நட்டை நேருக்கு நேர் பார்த்தபடி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று தளர்த்துங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து, கால் மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். மறுநாளும் ஒருமுறை பாருங்கள், மரம் மெதுவாகத்தான் சமாதானமாகும். குழிவு அதிகமாக இருந்தால் கடிகாரத் திசையில் இறுக்குவது. அப்போது ஈ, ஏ கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு இறுக்கினால் நட்டுக்குப் பாரம் குறையும்.

நண்பர் சொல்வதிலும் உண்மை இல்லாமலில்லை. நெக் கெடுவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று, அளவு சரியில்லாத ஆலன் கீ. அங்குல அளவு நட்டில் மில்லிமீட்டர் கீ "ஏறத்தாழ" உட்கார்ந்தால் நட்டின் உள்மூலைகள் மழுங்கிவிடும், அதன்பின் எந்தக் கீயும் பிடிக்காது. இரண்டு, சுற்ற மறுக்கிற நட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவது. இறுக்கும்போது நட்டு அழுத்தமாக எதிர்த்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். தளர்த்திக்கொண்டே போய் நட்டு லூசாகியும் நெக் பின்வளைவிலேயே இருந்தால், அது ஒருபக்கம் மட்டும் இழுக்கும் பழைய வகை ராட். தடிமனான கம்பிதான் அதை முன்னுக்குக் கொண்டுவர முயலும். இருபக்கமும் வேலை செய்யும் ராடாக இருந்தால் எதிர்த்திசையிலேயே மேலும் சுற்றலாம்.

ரிலீஃப் சரியான பிறகுதான் சாடில். 17ஆம் ஃப்ரெட்டில் ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்பது ஃபெண்டர் தன் பேஸ்கள் பலவற்றுக்குச் சொல்லும் தொடக்க அளவு. அதிலிருந்து உங்கள் கைக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அதன்பின் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பின் உயரம், கடைசியாக இன்டோனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்கும்படி சாடிலை முன்பின் நகர்த்துவது. இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கலையும்.

உரசல் வேறு இடத்தில் இருந்தால் காரணமும் வேறு. அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் உரசினால், தலைப்பகுதிக்குக் கீழே கம்பிகள் உட்காரும் நட்டின் (ட்ரஸ் ராட் நட்டு அல்ல) பள்ளம் ஆழமாகிவிட்டது. எல்லா ஃப்ரெட்டிலும் உரசினால் கம்பி ஃப்ரெட்டுக்கு மேல் நிற்கும் உயரமான ஆக்‌ஷன் தாழ்வு. 12க்கு மேல் மட்டும் உரசினால் ரிலீஃப் அதிகமாகவும் சாடில் தாழ்வாகவும் இருக்கும், அல்லது நெக் உடம்போடு சேரும் இடம் எழும்பியிருக்கும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் பிடித்தால் உரசினால் அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலெழும்பியிருக்கிறது. அதை ட்ரஸ் ராடால் தீர்க்க முடியாது. ஆம்ப்பில் கேட்காமல் காதுக்கு மட்டும் கேட்கும் உரசலை விட்டுவிடுங்கள். தாழ்ந்த ஆக்‌ஷன் வேண்டுமென்றால் அதுவும் கூடவே வரும்.

கேள்வி: சாடில்கள் எல்லாம் பிரிட்ஜ் தகட்டைத் தொடும் அளவுக்கு இறங்கிவிட்டன. ரிலீஃப் 0.3 மி.மீ. அப்படியும் ஆக்‌ஷன் 4 மி.மீ. வேறு பிரிட்ஜ் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நெக் உட்காரும் கோணம்தான் குறை. போல்ட் போட்ட நெக்காக இருந்தால் அடியில் ஷிம் என்ற மெல்லிய துண்டு வைத்தால் போதும். கம்பிகளைத் தளர்த்தி, நாலு போல்ட்டையும் கழற்றி, நெக் உட்காரும் பள்ளத்தில் பிரிட்ஜ் பக்கத்து ஓரத்தில் 0.5 மி.மீ. தடிமன் ஷிம் வையுங்கள். நெக் பின்னால் சாய்வதால் கம்பிகள் ஃப்ரெட்டை நோக்கி இறங்கும். பள்ளம் சுமார் 76 மி.மீ. நீளம், அங்கிருந்து பிரிட்ஜ் 320 மி.மீ. அளவில். அதனால் அரை மில்லிமீட்டர் ஷிம் பிரிட்ஜில் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலான மாற்றத்தைத் தரும். 12ஆம் ஃப்ரெட்டில் அதில் ஒரு பங்குதான் தெரியும். ஆகவே 1 மி.மீ. ஷிம் போட்டு ஆரம்பிக்காதீர்கள், அது சாடில்களைத் தலைகீழாக உச்சிக்கு ஏற்றிவிடும்.

ஓரத்தில் மட்டும் துண்டு வைத்தால் நடுவில் வெற்றிடம் விழும். வருஷக்கணக்கில் அந்த இடத்தில் நெக்கின் முனை எழும்பக்கூடும் என்பதால், பள்ளம் முழுக்க உட்காரும்படி ஆப்பு வடிவில் இழைத்த மர ஷிம் நல்லது. சோதித்துப் பார்க்க மட்டும் கனமான அட்டைத் துண்டு போதும். போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது பழைய மரையிலேயே ஏறுகிறதா என்று முதலில் பின்பக்கம் சுற்றிப் பாருங்கள். டிக்கென்று ஒரு சத்தத்தோடு மரையில் விழும், அதற்குப் பிறகு இறுக்குங்கள்.

கேள்வி: 12ஆம் ஃப்ரெட்டில் ஈ கம்பி சுருதி கூடுதலாகக் காட்டுகிறது. சாடிலை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று ஒவ்வொரு தடவையும் குழப்பம்.

பதில்: சுருதி கூடினால் கம்பி குட்டை, சாடிலைப் பின்னால், அதாவது நெக்கிலிருந்து தள்ளி நகர்த்துங்கள். குறைந்தால் நெக்கை நோக்கி. 12ஆம் ஃப்ரெட்டின் மேல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிட வேண்டும். வழக்கம்போல வாசிக்கிற அழுத்தத்தில் பிடியுங்கள். சோதிக்கும்போது மட்டும் இறுக்கிப் பிடித்தால் கணக்கு பொய்க்கும். சாடிலை நகர்த்தும் முன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினால் அடியில் உரசாமல் இருக்கும்.

ஆனால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் இரண்டு கேள்வி. கம்பி எவ்வளவு பழசு? அழுக்கு ஒரே சீராக ஏறாது, எடை மாறிய கம்பி எந்தச் சாடிலுக்கும் அடங்காது. அடுத்தது, பிக்கப் ஈ கம்பிக்கு எவ்வளவு பக்கம்? காந்தம் தடிமனான கம்பியை இழுத்து சுருதியை அலைய வைக்கும்; ஒரே ஸ்வரத்தில் இரண்டு சுருதி சண்டை போடுவதுபோல் கேட்கும். கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிக்கும் பிக்கப்பின் தலைக்கும் ஈ பக்கம் 3.2 மி.மீ., ஜி பக்கம் 2.4 மி.மீ. வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சாடிலுக்கு வாருங்கள். எல்லாம் முடிந்தபின் சாடில்கள் ஒரு சாய்கோடாக, ஈ கடைசியில் பின்தள்ளி நிற்பது இயல்பு. நேர்வரிசையாக நிற்கும் பேஸை யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டியூனர் ஆப் ஈ கம்பியைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஈயின் அடிப்படை அதிர்வு 41.2 ஹெர்ட்ஸ். போனின் சிறிய மைக்குக்கு அது கஷ்டம். 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை எழுப்புங்கள், 82.4 ஆகிவிடும். டோன் குமிழைப் பாதிக்கு மேல் குறைத்து, நெக் பக்கப் பிக்கப்பை மட்டும் வைத்து, மெதுவாக மீட்டினால் இன்னும் எளிது. ஓங்கி மீட்டினால் முதல் நொடியில் சுருதி கூடித்தான் தெரியும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள்.

கேள்வி: புதுக் கம்பி செட் போட்டேன். மூன்று கம்பி மணிமணியாக இருக்கிறது, ஈ மட்டும் முதல் நாளிலேயே செத்துக் கிடக்கிறது. கம்பியே மோசமா?

பதில்: சில சமயம் அப்படியும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் வெட்டிய விதம்தான் காரணம். பேஸ் கம்பியில் உள்ளே ஒரு எஃகு மையம், வெளியே சுற்றிய உறை. வளைக்காமல் நேராக வெட்டினால் சுற்றிய உறை மையத்தின் மேல் தளர்ந்து வழுக்கும். மையம் வட்டமாக உள்ள செட்டுகளில் இது இன்னும் எளிதில் நடக்கும். தளர்ந்த கம்பி ஒருபோதும் ஒலிக்காது.

சரியான வழி: கம்பியைத் தலைப்பகுதியில் அது சுற்றும் டியூனர் கம்பம்வரை இழுத்து, அதற்கு அப்பால் 10-12 செ.மீ. விடுங்கள். அந்த இடத்தில் முதலில் செங்கோணமாக மடியுங்கள், மடிப்பைத் தாண்டி வெட்டுங்கள். முனையைக் கம்பத்தின் நடுத்துளையில் நுழைத்து, மேலிருந்து கீழாக 2 அல்லது 3 சுற்று. கீழ்நோக்கிச் சுற்றினால்தான் நட்டில் கம்பி அழுந்தி உட்காரும். சுற்றும்போது கம்பி முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கு ஏறிவிட்டால் பிரிட்ஜ் முனையைக் கழற்றி முறுக்கை விட்டு மறுபடி மாட்டலாம்.

சுருதிக்கு ஏற்றிய பிறகு சாடிலுக்கு முன்பக்கத்திலும் நட்டுக்கு அடுத்தும் கட்டைவிரலால் கம்பியை ஒருமுறை கீழே அழுத்துங்கள். தடித்த கம்பி சாடிலின் மேல் வில்லாக வளைந்து நிற்கும், அந்த வளைவு நேராகாத வரை ஒலியும் மங்கும், இன்டோனேஷனும் ஏமாற்றும். செத்துப்போன ஈ என்று தூக்கிப் போடப்படுபவற்றில் சில இந்த ஒரே அழுத்தலில் உயிர் பெறும். முதலில் இதைச் செய்து பாருங்கள்.

கேள்வி: பழைய கம்பியைக் கொதிக்க வைத்தால் புதுசாகுமா?

பதில்: சுற்றுகளுக்கு இடையில் அடைந்த எண்ணெயும் தோலும் கரைந்து, சில நாள் பளிச்சென்று ஒலிக்கும். 10 நிமிடம் போதும். எடுத்ததும் முழுக்க உலர்த்தாவிட்டால் மையம் துருப்பிடிக்கும். தண்ணீரைவிட ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நல்லது: மூடிய குழாயில் ஓர் இரவு ஊறப் போட்டுத் துடையுங்கள். அருகில் தீ கூடாது. கழற்றிக் கழற்றி மாட்டினால் கம்பத்தில் வளைந்த இடம் அறும், ஆகவே ஓரிரு முறைக்கு மேல் இது ஓடாது.

தட்டையான உறை சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பி போட்டிருந்தால் கொதியும் வேண்டாம், ஆல்கஹாலும் வேண்டாம். பழசாகப் பழசாகத்தான் அவற்றுக்கு மதிப்பு. மோட்டவுன் இசைப்பதிவுகளின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை அறுந்தாலொழிய மாற்றாதவர் என்பது பேஸ் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கேள்வி: இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் உள்ள ஃபெண்டர் ஜாஸ் வகை பேஸ். கையெடுத்தால் உம்மென்று இரைகிறது, கம்பியைத் தொட்டால் குறைகிறது. எர்த் சரியில்லையா? ஷாக் அடிக்குமா?

பதில்: தொட்டால் குறைவது எர்த் வயர் சரியாக இருப்பதற்கு அடையாளம். சுற்றியுள்ள மின் இரைச்சலை உங்கள் உடம்பு ஆன்டெனா மாதிரி வாங்கிப் பிக்கப் பக்கம் கொடுக்கிறது. கம்பியைத் தொட்டதும் நீங்களும் கிரவுண்டோடு சேர்ந்துவிடுகிறீர்கள். தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒன்றே என்றால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயர் அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் உறைக்கும் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறதென்றால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறிச் சாலிடர் ஆகியிருக்கிறது.

இனி உங்கள் பேஸுக்கு. இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்து பாருங்கள். பிக்கப் இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடக்கும். ஒன்றை ஒரு பிடி குறைத்தாலும் திரும்பி வரும். அது பழுது அல்ல, அந்த அமைப்பின் குணம். ஃபெண்டரின் பிரெசிஷன் பேஸில் 1957லிருந்து வரும் இரண்டாகப் பிரிந்த பிக்கப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு பாதியும் சேர்ந்தே ஹம்மை அடக்கிக்கொள்ளும்.

இரைச்சலைக் குறைக்க, கட்டுப்பாட்டுக் குழி, பிக்கப் குழி எல்லாவற்றிலும் செப்பு டேப் ஒட்டுங்கள். துண்டுக்குத் துண்டு மின்தொடர்பு இருக்க வேண்டும். டேப்பின் பசை மின்சாரம் கடத்தாத வகையாக இருந்தால் சேருமிடம் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுச் சாலிடர். கடைசியில் குழியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு வயர். ஜாக்கின் உயிர்முனை டேப்பைத் தொடாதபடி அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப். இதை மறப்பவர்கள் அதிகம், மறந்தால் பிளக் செருகியதும் பேஸ் ஊமையாகிவிடும். ஷீல்டிங் உடம்பு வாங்கித் தரும் இரைச்சலைக் குறைக்கும். லைட் டிம்மர், டிரான்ஸ்ஃபார்மர் தரும் காந்த இரைச்சலை அல்ல. அதற்கு அங்கிருந்து விலகி, உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

ஷாக் விஷயம் தனி. பேஸைத் தொட்டபடி உதடு மைக்கில் பட்டதும் சுரீரென்றால் பிளக் பாயிண்ட் அல்லது ஆம்ப்பின் எர்த் கோளாறு. கம்பிக்கும் மைக் வலைக்கும் இடையே மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளந்து, சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அன்றைக்கு அந்த இணைப்பில் வாசிக்காதீர்கள். இரைச்சலைப் போக்க பிளக்கின் எர்த் முனையைப் பிடுங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடுகிற வேலை அது. பேஸை மிக்ஸருடன் இணைக்கும் டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான்; அது ஆடியோ கேபிளின் கிரவுண்டைத்தான் துண்டிக்கும், மின் எர்த்தை அல்ல.

கேள்வி: ஆக்டிவ் பேஸ் திடீரென்று கரகரக்கிறது.

பதில்: 9 வோல்ட் பேட்டரி. மீட்டரில் 7 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் கேபிள் செருகியிருக்கும்வரை, வாசிக்காவிட்டாலும் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள்.

கேள்வி: ஆம்ப்பில் "300 வாட், குறைந்தபட்சம் 4 ஓம்" என்று போட்டிருக்கிறது. என்னிடம் ஒரு 8 ஓம் கேபினெட். ஆம்ப் பாதி பலத்தில் ஓடுகிறது, இன்னும் பெரிய ஆம்ப் வாங்கு என்கிறார்கள். நண்பரிடம் ஒரு 4 ஓம் கேபினெட் இருக்கிறது, இரண்டையும் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கக் கூடாது. பின்னால் இரண்டு ஜாக் இருந்தாலும் கேபினெட்டுகள் பேரலலில்தான் இணைகின்றன. 8 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் 2.67 ஓம். ஆம்ப்பின் எல்லைக்குக் கீழே. சூடாகி நின்றுபோனால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போகும். இன்னொரு 8 ஓம் கேபினெட் கிடைத்தால் 4 ஓம் வரும், ஆம்ப் முழுப் பலம் காட்டும்.

பாதி பலம் என்று கேட்டுப் பதற வேண்டாம். வாட் பாதியானால் ஒலி 3 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது சின்ன வித்தியாசம். ஒரே மாதிரி இரண்டாவது கேபினெட் சேர்க்கும்போது ஆம்ப் தரும் கூடுதல் வாட்டில் 3 டெசிபல், காற்றைத் தள்ளும் ஸ்பீக்கர் பரப்பு இரட்டிப்பதில் இன்னும் ஏறத்தாழ 3. பணம் செலவழித்தே தீர வேண்டுமென்றால் ஆம்ப்பைவிட அதே வகைக் கேபினெட்டில் செலவழிக்கலாம் என்பது எங்கள் கட்சி. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி இன்றைக்கும் பேர் சொல்வதற்கு அதன் 300 வாட் மட்டும் காரணமல்ல, 10 அங்குல ஸ்பீக்கர் எட்டைச் சுமந்த பெட்டியும் காரணம்.

ஆம்ப்பிலிருந்து கேபினெட்டுக்கு ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். கிட்டார் கேபிளும் அதே பிளக்கோடு வருவதால் மாட்டிவிடுகிறார்கள். அதன் நடுவயர் மெல்லியது, சூடாகி உருகி ஷார்ட் ஆனால் ஆம்ப் போய்விடும். இன்னொன்று: டிரான்சிஸ்டர் ஆம்ப் கேபினெட் இல்லாமல் ஓடினால் பொதுவாக ஒன்றும் ஆகாது; வால்வ் ஆம்ப்பை அப்படி ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போகும்.

கேள்வி: வீட்டில் 15 வாட் கிட்டார் ஆம்ப் கிடக்கிறது. அதில் பேஸ் வாசிக்கலாமா?

பதில்: மெதுவான சத்தத்தில் தாராளமாக. ஸ்பீக்கர் கோன் கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் ஆடினாலோ படபடவென்றாலோ வால்யூமைக் குறையுங்கள். முதலில் பேஸ் குமிழைக் குறைத்தால் அதே சத்தத்தில் கோன் குறைவாக ஆடும்.

கேள்வி: வீட்டில் தனியாக வாசிக்கும்போது என் பேஸ் ஒலி அருமை. பேண்டோடு வாசித்தால் என்னையே எனக்குக் கேட்கவில்லை. எத்தனை வாட் வேண்டும்?

பதில்: ஈக்வலைசரில் பேஸையும் ட்ரெபிளையும் தூக்கி, மிட்டை (நடு அலைவரிசையை) குழியாக்கி வைத்திருப்பீர்கள். தனியாகக் கேட்க அது சுகம். பேண்டில் கீழே கிக் டிரம்மும் மேலே சிம்பலும் கிட்டாரும் அந்த இடத்தை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கின்றன, உங்களுக்கு மிச்சமிருந்த மிட்டை நீங்களே வெட்டிவிட்டீர்கள்.

எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து ஆரம்பியுங்கள். 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரைக்கும் 3-4 டெசிபல் ஏற்றுங்கள். எந்த ஸ்வரம் வாசிக்கிறீர்கள் என்று காது பிரித்தறிவது இங்கேதான். 200-300 பக்கம் அரங்கம் குமுறினால் கொஞ்சம் குறையுங்கள். 40 ஹெர்ட்ஸைத் தூக்குவதில் லாபமில்லை. சிறிய கேபினெட் பெரும்பாலானவற்றில் அங்கே ஒலியே சரியாக வராது, வாட் மட்டும் வீணாகும். நம் காது மேலே இருக்கும் 82, 124 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குகளைக் கொண்டே ஈ கம்பியை அடையாளம் கண்டுகொள்கிறது. பிறகு கேபினெட்டைத் தரையிலிருந்து தூக்கி ஒரு ஸ்டூலில் வையுங்கள், அல்லது சாய்த்து வையுங்கள். முழங்காலுக்குக் காது கிடையாது. கிட்டார்காரரிடமும் பக்குவமாகச் சொல்லி அவர் ஆம்ப்பில் பேஸ் குமிழைக் குறைக்க வையுங்கள். வாட் வாங்குவதைவிட இது கஷ்டமான வேலை, தெரியும்.

கேள்வி: ஜி கம்பியில் 6ஆம் ஃப்ரெட் மட்டும் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. உரசலும் இல்லை. பேஸை விற்றுவிடலாமா?

பதில்: டெட் ஸ்பாட். போல்ட் நெக், நாலு டியூனரும் ஒரே பக்கம் உள்ள பேஸ்களில் ஜி கம்பியின் 5 முதல் 7ஆம் ஃப்ரெட்டுக்குள் இது சாதாரணம். அந்த ஸ்வரத்தின் அதிர்வெண்ணில் நெக்கே அதிர ஆரம்பித்து, கம்பியின் சக்தியை உறிஞ்சிவிடுகிறது. அதே ஸ்வரத்தை டி கம்பியில் 11ஆம் ஃப்ரெட்டில் வாசித்துப் பாருங்கள், பெரும்பாலும் நீடிக்கும்.

சோதனை எளிது. தலைப்பகுதியில் துணி சுற்றி ஒரு சின்ன சி-கிளாம்ப் மாட்டுங்கள். எடை கூடினால் நெக்கின் அதிர்வெண் இறங்கும், அணையும் இடம் ஓரிரு ஃப்ரெட் தள்ளிப்போகும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் விழுந்தால் தொல்லை பாதியாகத் தெரியும். எடை குறைந்த டியூனர்கள் போட்டால் எதிர்ப்பக்கம் நகரும். ஒழிக்க முடியாது, இடம் மாற்றலாம். கம்பி, பிக்கப், பிரிட்ஜ் எதை மாற்றினாலும் இது பெரிதாக மாறாது. விற்கிற அளவுக்கு இது குற்றமே அல்ல. விலையுயர்ந்த பேஸ்களிலும் இருக்கிறது.

கேள்வி: 12 வயது மகள் பேஸ் கேட்கிறாள். கை சின்னது. முழு அளவே வாங்கிவிட்டால் வளர்ந்த பிறகும் ஆகுமே என்று பார்க்கிறேன்.

பதில்: இப்போது வாசிக்க முடியாத கருவி வளர்ந்த பிறகு மூலையில்தான் இருக்கும். 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் வாங்கிக் கொடுங்கள். வழக்கமான 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட்வரை 48.5 மி.மீ.; 30 அங்குலத்தில் 43க்குக் கொஞ்சம் குறைவு. நாலு ஃப்ரெட்டுக்குக் கணக்குப் போட்டால் சின்னக் கைக்கு அது பெரிய வித்தியாசம். சிறுவர் கருவி என்று நினைக்க வேண்டாம், பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் 500/1 ஷார்ட் ஸ்கேல்தான்.

கம்பி வாங்கும்போது ஷார்ட் ஸ்கேல் செட் என்று பார்த்து வாங்குங்கள். நீளமான செட்டை வெட்டி மாட்டினால் தடித்த உறைப்பகுதி கம்பத்தில் சுற்றும், அங்கேயே அறும். கீழ் ஃப்ரெட்டுகளில் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று நீட்ட வைக்காதீர்கள். டபுள் பேஸ்காரர்கள் வைப்பதுபோல் ஆள்காட்டி, நடு, சுண்டுவிரல், மூன்று ஃப்ரெட்டுக்குள். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை. மணிக்கட்டு மடிந்து வலித்தால் ஸ்ட்ராப்பை ஏற்றுங்கள்: உட்கார்ந்தாலும் நின்றாலும் பேஸ் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: நாலு கம்பியை பி-ஈ-ஏ-டி ஆக்கலாமா? ஐந்து கம்பி வாங்க மனமில்லை.

பதில்: ஆக்கலாம். ஐந்து கம்பி செட்டில் ஜியை விட்டுவிட்டு 130, 105, 85, 65 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்). பி கம்பி 3.3 மி.மீ. தடிமன், ஈயின் பள்ளத்தில் உட்காராமல் மேலேயே நிற்கும். நட்டின் பள்ளங்களை ஃபைலால் அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. திரும்பப் பழைய சுருதிக்கு வந்தால் மெல்லிய கம்பி அந்தப் பள்ளத்தில் ஆடும், ஆகவே இந்த வேலைக்கென்று தனியாக ஒரு நட். கம்பத்துத் துளையில் கம்பி நுழைகிறதா, ஈ சாடிலுக்குப் பின்னால் போக இன்னும் இடமிருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பி 30.9 ஹெர்ட்ஸ், வீச்சு பெரிது. ஆக்‌ஷன் கொஞ்சம் உயர வேண்டும். இழுவையும் மாறுவதால் ரிலீஃபை மறுபடி அளந்துவிடுங்கள்.

கேள்வி: பிரெசிஷனா, ஜாஸ்ஸா? வாரக்கடைசி வாக்குவாதத்தை முடித்து வையுங்கள்.

பதில்: 1951இல் ஒன்றும் 1960இல் மற்றொன்றும் வந்ததிலிருந்து முடியாத வழக்கு. பேண்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து கேட்க வேண்டுமென்றால் பிரெசிஷன். இரண்டு பிக்கப்பைக் கலந்து பல குரல் வேண்டுமென்றால் ஜாஸ். நட்டு அகலம் ஜாஸில் 38 மி.மீ., பிரெசிஷனில் பொதுவாக 41க்கு மேல். கை எதை விரும்புகிறதோ அதுவே பாதித் தீர்ப்பு. ஃப்ளாட்வவுண்ட் போட்ட பிரெசிஷன் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு.

கேள்வி: கம்பி மாற்றும்போது நாலையும் ஒரேயடியாகக் கழற்றினால் நெக் வளைந்துவிடுமா?

பதில்: சில மணி நேரத்துக்குக் கழற்றுவதால் ஒன்றும் ஆகாது. ஃப்ரெட் போர்டைத் துடைக்க அதுதான் நேரம். இரண்டு எச்சரிக்கை மட்டும். நட் பசை விட்டிருந்தால் கீழே விழுந்து தொலையும், எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிரிட்ஜ் உடம்போடு திருகாமல் கம்பியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் ஹாலோ பாடி பேஸாக இருந்தால் பிரிட்ஜ் இருக்கும் இடத்தை முதலில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள்.